மிரளும் குதிரைக்குத் தைரியம் வருவது எப்படி?



"மலர்ல என்னல எழுதப் போற?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். குதிரையைப் பற்றி என்றேன். "மெக்கானிக்கல்காரன் ஹார்ஸ் பவரைப் பத்தி எழுதுனா போதாதா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். கடந்த ஆறு மாதத்தில் ஒர்க்‌ஷாப்பில் கற்றதற்குச் சமமாக ஒரு குதிரையிடமும் கற்றிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மாமா ஒரு காலத்தில் டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோக்கள் வந்தபின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விட ஒரே ஒரு குதிரையை மட்டும் வைத்திருந்தார். அதுவும் வயதாகி இறந்துபோகவே, போன ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய், வட்டிக்கு வாங்கிய பணத்தில் இரண்டரை வயதுக் குட்டி ஒன்றைப் பிடித்து வந்தார். பெயர் செவலை.

பேட்டைக்கு வந்த நாளிலிருந்து செவலைக்கு எதைக் கண்டாலும் பயம். லாரித் தார்ப்பாய் படபடத்தால் முன்னங்காலைத் தூக்கும். வாய்க்கால் பாலத்தில் கால் வைக்கவே வைக்காது. ஒருநாள் ரயில் சத்தத்தில் மிரண்டு மாமாவை இழுத்துப் போட்டதில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "நாலு சாத்து சாத்துனா சரியாயிரும்" என்றார்கள். தரகர் வந்து, "தை பொறக்கதுக்குள்ள தள்ளி விட்டுருங்க" என்றார். மாமா மட்டும் என்னைப் பார்த்து, "ஏல மருமவனே, அது வம்பு பண்ணல, பயப்படுது. பயந்த புள்ளய அடிச்சா பயம் ரெண்டாவும். என் கைக்குப் பதிலா நீ கையா இரு. நான் சொல்லுதேன், நீ செய்யி" என்றார்.

குதிரை ஏன் மிரளுகிறது?

குதிரை வேட்டையாடும் மிருகமல்ல, வேட்டையாடப்படும் மிருகம். அதற்குக் கொம்பும் இல்லை, கோரைப் பல்லால் கிழிக்கும் வழக்கமும் இல்லை. இருக்கிற முதல் ஆயுதம் ஓட்டம்தான். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 டிகிரி சுற்றளவைப் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. அங்கிருந்து திடீரென்று எது வந்தாலும் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். இது திமிர் அல்ல. அதன் டிசைனே அப்படி!

தரையில் நின்று ஆடும் ஆட்டங்கள்

முதுகில் ஏறாமல், வண்டியில் பூட்டாமல், தரையில் நின்றபடியே கயிற்றைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகள் இவை. அமெரிக்கப் பயிற்சியாளர் பாட் பரேலி இவற்றை ஏழு விளையாட்டுகளாக வகுத்துப் பிரபலமாக்கினார். ஆனால் அடிப்படை மிகப் பழையது. கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, குட்டியைக் கூட்டத்துக்குள் நடத்திச் சென்று எல்லாச் சத்தத்துக்கும் பழக்க வேண்டும், பயந்தால் கோபிக்காமல் சமாதானப்படுத்த வேண்டும் என்று எழுதி வைத்தார்.

நாங்கள் செய்தவை நான்கு:

1. தடவும் ஆட்டம்: பழைய கோணிச் சாக்கை முதலில் முகரக் கொடுத்தோம். பிறகு தோள், முதுகு, கால் என்று மெதுவாகத் தடவினோம். நடுங்கினால் தடவும் வேகத்தைக் கூட்டக் கூடாது. சாக்கைப் படக்கென்று பிடுங்கவும் கூடாது. அது அமைதியாகும் வரை அதே தாளத்தில் தடவி, அமைதியான பின் எடுக்க வேண்டும்.

2. விலகும் ஆட்டம்: தோளில் விரல் நுனியால் லேசாக அழுத்துவது. ஒரு அடி விலகியதும் உடனே கையை எடுத்துவிடுவது.

3. போய் வரும் ஆட்டம்: பன்னிரண்டு அடிக் கயிற்றை லேசாக ஆட்டிப் பின்னால் நகர்த்தி, பிறகு நம்மிடம் கூப்பிடுவது.

4. இடுக்கு ஆட்டம்: சுவருக்கும் நமக்கும் நடுவே நடக்க விடுவது. முதலில் பத்தடி இடைவெளி, பிறகு எட்டு, பிறகு ஐந்து. பாலத்துக்கு இதுதான் ஒத்திகை.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது? அழுத்துவதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. ஸ்விட்ச் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை சரியாகச் செய்த அந்த நொடியிலேயே அழுத்தம் ஆஃப் ஆக வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால், எதற்காக விட்டோம் என்று அதற்குப் புரியாது. தலை தாழ்வது, கண் சிமிட்டுவது, வாயை மெல்லுவது எல்லாம் இறுக்கம் தளர்வதற்கான அடையாளங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். நன்றாகச் செய்யும்போதே நிறுத்திவிட வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

நான் செய்த தப்பு

பாலத்துக்குப் பத்தடி முன்னால் செவலை தலையைத் தூக்கும். அது மறுப்பதற்கு முன்பே நானாகத் திருப்பி அழைத்து வருவேன். மறுநாள் இரண்டு எட்டு கூடுதல். மூன்றாம் வாரம் முன்னங்கால் இரண்டும் பாலத்தில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் எனக்கு செமஸ்டர் தேர்வு. இன்றைக்கே முடித்துவிடலாம் என்று அவசரத்தில் கயிற்றைப் பலமாக இழுத்தேன். இழுத்தால் எதிர்த்து இழுப்பது குதிரையின் இயல்பு. அது பின்வாங்கியதில் என் உள்ளங்கை தோல் உரிந்தது. அடுத்த நாள் பாலம் இருக்கும் திசையிலேயே அது திரும்பவில்லை. மூன்று வார உழைப்பு மூன்று நொடியில் போயிற்று.

மாமா திட்டவில்லை. "மொதல்ல இருந்து வா" என்றார், அவ்வளவுதான்.

காயல் துறைமுகத்தில் நடந்தது

கட்டுப்போட்ட கையோடு தேர்வு எழுதிவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பைப் படித்தேன். நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்துக்கு, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் பொன் கொடுத்து வாங்கினாராம். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாதாம்! குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை வரவிடவும் இல்லை என்று அவர் காரணம் சொல்கிறார். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் நமக்குப் புரியாத விஷயமா இது? லட்ச ரூபாய் மெஷினை இறக்கிவிட்டு, ஓட்டத் தெரிந்த ஆளை வைக்காவிட்டால் என்ன ஆகும்?

பாலம்

மறுபடி பத்தடியிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை நாள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் ஒரு காலை, கயிறு தொய்வாக இருக்க, செவலை பாலத்தை முகர்ந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது. நான் சும்மா நின்றேன். பிறகு அதுவே என்னைத் தாண்டி நடந்து அக்கரை போய், திரும்பிப் பார்த்தது.

தை பிறந்ததும் தரகர் வந்தார். "நாலு வயசு ஆகட்டும், அதுவரைக்கும் வண்டியிலயும் பூட்டப் போறதில்ல, விக்கப் போறதுமில்ல" என்று மாமா சொல்லிவிட்டார். கடனுக்கு வட்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேட்டுச் சத்தம் கேட்டால் செவலை இன்றும் நடுங்கும். அதனால் கல்யாண ஊர்வலத்துக்கு இப்போதைக்கு அனுப்புவதில்லை. அந்த ஆட்டம் இனிமேல்தான் ஆரம்பம்.

அடுத்த வருஷம் முதலாண்டு மாணவன் ஒருவன் லேத் முன்னால் கை நடுங்க நிற்கும்போது, "என்னல பயம்?" என்று அதட்டுவதற்கு முன்னால் செவலையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. ஒரு எட்டு சரியாக வைத்தால் அதட்டலை விட்டுவிடுங்கள். அடுத்த எட்டை அவனே வைப்பான்.