படகு ஓயும் முன் ஆயில் மாற்றுங்கள்

கார் வைத்திருப்பவர் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்றுவார். ராமேஸ்வரத்து விசைப்படகுக்கு அந்தக் கணக்கு உதவாது. அங்கே பார்க்கவேண்டியது தூரத்தை அல்ல, இன்ஜின் ஓடிய நேரத்தை. படகு டீசல் இன்ஜின்களின் கையேடுகள் பெரும்பாலும் 100 முதல் 250 மணி நேரத்துக்குள் எல்லை வைக்கின்றன. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் லாரி 250 மணி நேரத்தில் 10,000 கி.மீ. கடந்துவிடும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. ஒரு நடைக்கு 20 மணி நேரம் இன்ஜின் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும், கார்க்காரரின் ஒரு வருடக் கணக்கு இங்கே ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. ஹவர் மீட்டர் இல்லாத படகில் ஒவ்வொரு நடைக்கும் ஓடிய நேரத்தை நோட்டில் எழுதி வைத்தாலே போதும்.

ஆயில் கறுத்துவிட்டதா என்று பார்த்து முடிவெடுப்பது தவறு. டீசல் இன்ஜினில் ஊற்றிய புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். எரிந்த புகைக்கரியைப் படியவிடாமல் தனக்குள் மிதக்க வைத்திருப்பதும் அதன் வேலை. அஞ்சவேண்டியது பால் கலந்த காபி நிறம்: உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, தண்ணீர் வந்த வழியையும் கண்டுபிடித்து அடைக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கெடுதல் அமிலம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அதை முறிக்கத்தான் ஆயிலில் காரப்பொருள் கலக்கிறார்கள். மணிக்கணக்கு ஏற ஏற அந்தக் காரம் தீர்ந்துகொண்டே வரும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. இது பெரிய நிம்மதி. ஆனால் ஈரம் குறையவில்லை. கடல்நீரை நேரடியாக உள்ளே சுற்றவிடும் இன்ஜின்களை, உப்புப் படியாமலிருக்கக் குறைந்த சூட்டிலேயே ஓட்டவேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் ஆயிலில் சேரும் ஈரம் முழுதும் ஆவியாகிப் போவதில்லை.

இதனால்தான் மீன்பிடித் தடைக்காலம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழகத்தில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, இப்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் இந்த நாட்களில்தான். ஆயிலை மட்டும் கடைசி வாரத்துக்கு, கடலுக்குப் போகும்போது புதிதாக ஊற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அமிலமும் ஈரமும் கலந்த பழைய ஆயில் இரண்டு மாதம் பேரிங்கை அரித்துக்கொண்டிருக்கும். கடைசி நடை முடிந்து கரை சேர்ந்ததுமே, இன்ஜின் சூடு ஆறுமுன் மாற்றுவதுதான் சரி. சூட்டில் ஆயில் இளகியிருக்கும், கசடும் சேர்ந்தே வெளியேறும். ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் எல்லா இடத்திலும் பரவச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தவேண்டும்.

ஃபைபர் படகின் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு புதிதென்றால், முதல் மாற்றம் பெரும்பாலும் 20 மணி நேரத்திலேயே வரும். பிறகு 100 மணிக்கு ஒருமுறை. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிபொருளோடு எரிந்துபோவதால் இந்த வேலையே இல்லை. ஆனால் அதிலும் கியர் ஆயிலைப் பார்க்கவேண்டும்.

வடித்த ஆயிலைப் படகின் அடித்தளத்தில் விட்டுவிட்டால், அடுத்து பம்பு போடும்போது அது நேரே துறைமுகத் தண்ணீரில் கலக்கும். சட்டப்படி அது அபாயக் கழிவு. கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் அதற்கென ஒரு தொட்டி வைப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை.