முயலின் ஓயாத வாய்

விடியற்காலையில் முயல் கூட்டருகே சத்தமில்லாமல் நின்று பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். முயல் உடம்பை வளைத்து, தலையைப் பின்னங்கால்களுக்கு நடுவே கொண்டுபோய், எதையோ வாயில் வாங்கி மெல்லாமல் விழுங்கும். தன் எச்சத்தைத்தான் அது தின்கிறது. பார்க்கிற பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். சில வீடுகளில் அதற்காக முயலை அதட்டுவதும் உண்டு. தயவுசெய்து அதட்டாதீர்கள். அந்த விழுங்கல் நின்றால் முயல் நலிந்துபோகும்.

முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். கூட்டுக்கடியில் நாம் கூட்டி அள்ளும் உருண்டையான, காய்ந்த புழுக்கை ஒரு வகை. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள்: பொலபொலவென்று உதிரும், உள்ளே புல்லின் நார் தெரியும், வாடை அநேகமாக இராது. இன்னொரு வகை நம் கண்ணில் படுவதே அரிது. ஒன்றோடொன்று ஒட்டிய, பளபளப்பான, கரும்பச்சை நிற மென்மையான சிறு உருண்டைகள் அவை. முயல் நேரே வாயால் வாங்கிவிடுவதால் தரைக்கு வருவதில்லை. இந்த இரட்டை வழக்கத்தை மொரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1882-இல் விவரித்து எழுதினார். புரதமும் பி வகை விற்றமின்களும் அந்த மென்புழுக்கையில் நிறைந்திருக்கின்றன. வெறும் புல்லிலிருந்து இந்தச் செல்வம் எப்படி வருகிறது?

சிறுகுடல் முடியும் இடத்தில் முயலுக்குக் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. மனிதருக்கு அது சில அங்குலப் பகுதிதான். முயலுக்கோ உணவுப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதியை அது பிடித்துக்கொள்கிறது. பெருங்குடலின் தொடக்கப் பகுதி உணவைச் சலித்துப் பிரிக்கும். முரட்டு நார்த் துண்டுகள் முன்னே தள்ளப்பட்டு உருண்டைப் புழுக்கையாக வெளியேறும். நுண்ணிய துகள்களும் சாறும் பின்னோக்கித் திரும்பிக் குருட்டுக்குடலுக்குப் போகும். அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, முயலின் உடம்புக்கு வேண்டிய கொழுப்பமிலங்களையும் விற்றமின்களையும் உண்டாக்குகின்றன. அந்தக் குருட்டுக்குடல் சரக்குதான் மென்புழுக்கையாக வெளிவருகிறது. முரட்டு நார் செரிப்பதே இல்லை. ஆனால் குடலை ஓயாமல் அசையவைப்பது அதுதான். நார் குறைந்தால் குடல் மந்தமாகிவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது வாய்வழி திரும்பி வராது.

இதை மனதில் வைத்துக்கொண்டால், தீனியை மாற்றுவது ஏன் இத்தனை ஆபத்தான காரியம் என்று புரியும். நேற்றுவரை வந்த தீனிக்கு ஏற்பவே குருட்டுக்குடலின் பக்டீரியாக் கூட்டம் அமைந்திருக்கிறது. ஒரே நாளில் தீனியை மாற்றினால் அந்தக் கூட்டம் குலைகிறது. கோதுமை ரொட்டி, பாண், பிஸ்கட், சோறு ஆகியவற்றின் மாப்பொருள் மிச்சமாகிக் குருட்டுக்குடலை எட்டினால், க்ளொஸ்ட்ரிடியம் போன்ற நச்சுக் கிருமிகள் அதில் கொழுக்கும். அவை விடும் நஞ்சு குட்டியை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவற்றின் இரைப்பையில் பெரிய முயலுக்கு உள்ள கடும் அமிலம் இன்னும் ஊறவில்லை. குருட்டுக்குடலில் பக்டீரியாக் கூட்டமும் நிலைக்கவில்லை. நாலு வாரக் குட்டியைக் கடைக்காரர் பெட்டியில் போட்டுத் தர, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் அன்போடு கோவா இலையும் ரொட்டித் துண்டும் நீட்ட, மூன்றாம் நாள் கழிச்சல் கண்டு குட்டி சாகிறது. குளிர் தாங்கவில்லை என்று பழி நம் ஊவா மலைநாட்டின் பதுளைக் குளிர்மேல் விழும். உண்மையில் முயல் தாங்காதது வெயிலைத்தான். வெப்பம் 30 பாகை செல்சியசை நெருங்கினாலே அது தவிக்கும். தமிழ்நாட்டில்கூட, ஒயிட் ஜெயண்ட், சோவியத் சிஞ்சில்லா போன்ற இனங்களை மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பது கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில். பண்டாரவளையும் ஹப்புத்தளையும் முயலுக்கு இதமான ஊர்கள்.

எட்டு வாரமாவது ஆன குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதே தீனியில் கொஞ்சம் கையோடு வாங்கி வாருங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். பிறகு பழையது முக்கால், புதியது கால். சில நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. அப்புறம் பழையது கால். இப்படி இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய கீரை கொடுப்பதானால் ஒரு நேரத்தில் ஒரே கீரை, அதுவும் இரண்டொரு இலை. மறுநாள் கூட்டுக்கடியில் பாருங்கள். புழுக்கை சிறுத்தாலோ, இளகினாலோ, தின்னப்படாத மென்புழுக்கை தரையில் அப்பிக் கிடந்தாலோ புதியதை நிறுத்திவிட்டுக் காய்ந்த புல்லுக்குத் திரும்ப வேண்டும். முயல் வளர்ப்பவர் தினமும் படிக்க வேண்டிய அறிக்கை அந்தப் புழுக்கைதான்.

மனிதர் மாற்றாவிட்டாலும் ஊவாவில் பருவமே தீனியை மாற்றிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவுகளில் மழையை இறக்கிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான தேயிலைக்கு ஊவாவின் பேர்போன வாசனையைத் தருவது இந்த வறட்சிதான். அந்த மாதங்களில் முயலுக்குக் கிடைப்பது காய்ந்து முரடான புல். ஐப்பசி மழை விழுந்ததும் வரம்பெல்லாம் இளம்புல் துளிர்க்கும். நீரும் சர்க்கரையும் மிகுந்த, நார் குறைந்த புல் அது. அதை ஒரே நாளில் கூடை நிறைய அள்ளிப் போடுவதும் திடீர்த் தீனி மாற்றமே. பச்சைப் புல் என்பதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை.

கச்சான் கெடுப்பதை ஈடுகட்டும் வழியும் கச்சானிலேயே இருக்கிறது. சித்திரை மழையில் வளர்ந்த புல், காற்று உலரத் தொடங்கும் வேளையில் இன்னும் பச்சையாக நிற்கும். கினிப்புல்லோ, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலங்கை மாட்டுப்பட்டிகள் எங்கும் பரவிவிட்ட கோ-3 புல்லோ, எதுவானாலும் முற்றுமுன் அறுத்து, மெல்லிதாகப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்கலாம். நல்ல உலர்புல்லில் பச்சை மங்கியிருக்கும், வாசனை இருக்கும், ஒடித்தால் முறியும். ஈர வாடையோ வெண்பூசணமோ இருந்தால் எருக்குழிக்குப் போக வேண்டியதுதான். மழை மாதங்களில் அப்படிக் காயவைக்க முடியாது. வெளிநாட்டு உலர்புல் பொதியின் விலையோ தோட்டத்துச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறியபோது கடையில் விற்கும் குருணைத் தீனியான பெல்லட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டையும் மறக்கக்கூடாது. முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பெல்லட் கொடுப்பதானால் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 25 கிராம் அளவே தாராளம்.

புல்லை எங்கே அறுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். களைக்கு மருந்தடித்த மலையில் அறுக்கவே கூடாது. தேயிலைக் கொழுந்தில் கஃபீன் உண்டு, முயலுக்கு ஆகாது. வேலியோரத்து நாயுண்ணி ஈரலைக் கெடுக்கும். வெலிமடைப் பக்கம் மலிந்து கிடக்கும் லீக்ஸும் உருளைக்கிழங்குச் செடியும் நஞ்சு. கரட்டின் இலை நல்லது. கிழங்கில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். முற்றத்தில் நிற்கும் மரங்களில் கொய்யாக் குச்சி கொடுக்கலாம். ஆனைக்கொய்யாவின் இலை, பட்டை, காய் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் முயலின் இதயத்தைத் தாக்கும்.

இனிப் பல்லுக்கு வருவோம். வயரைக் கடிக்கிறது, கதவைச் சுரண்டுகிறது, படங்கைக் கிழிக்கிறது என்று முயலைத் திட்டுகிறவர்கள் ஒரு தடவை அதன் மேலுதட்டை மெதுவாக விலக்கிப் பார்க்கட்டும். முன்னால் இரண்டு வெட்டுப்பற்கள் தெரியும். அவற்றின் முதுகில் ஒட்டினாற்போல இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு இந்த இரண்டாம் வரிசை கிடையாது. இந்த வேறுபாடு உட்படப் பலவற்றை வைத்து, 1912-இல் கிட்லி என்ற அமெரிக்க அறிஞர் முயல்களை எலிக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி வரிசையில் சேர்த்தார். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்கின்றன. முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர், அதாவது ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வளரும். தேயிலைச் செடி போலத்தான்: கொழுந்து கிள்ளக் கிள்ள மட்டமாக நிற்கும், கிள்ளாமல் விட்டால் மரமாகிவிடும்.

ஆனால் பல்லைத் தேய்ப்பதற்கு மரக்கட்டை போட்டால் போதும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. முன்பற்கள் ஒன்றோடொன்று உரசியே பெரும்பாலும் தேய்ந்துவிடும். முன்புறம் மட்டும் எனாமல் தடிப்பாக இருப்பதால் உளியாகக் கூர்மையும் பெறும். சிக்கல் கடைவாய்ப் பற்களில். அவற்றைத் தேய்ப்பது புல். புல்லின் உயிரணுக்களில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா நுண்துகளாகப் படிந்திருக்கிறது. ஒரு புல் தாளை நீட்டிவிட்டுக் கவனித்தால், முயல் முன்பல்லால் நறுக்கி உள்ளே இழுத்து, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து ஓட்டுவது தெரியும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் தாடை அசையும். பெல்லட்டை அது மேலும் கீழுமாக நொறுக்கி விழுங்கிவிடும். பக்கவாட்டு அரைப்பு குறைந்துபோகும். அப்போது கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் முயல் தின்பதை நிறுத்தும், குடலும் நின்றுபோகும்.

வயரைக் கடிப்பதன் வேரும் இங்கேதான். நாள்முழுக்க மேய்ந்து அரைப்பதற்காகப் படைக்கப்பட்ட வாய்க்கு, கிண்ணத்துப் பெல்லட் சில நிமிட வேலை. மீதி நேரத்துக்கு அந்த வாய் என்ன செய்யும்? போதாக்குறைக்கு வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல் நிலங்களில் வளை தோண்டி வாழ்ந்த பிராணி. குறுக்கே நீட்டும் வேரை நறுக்கித் தள்ளுவது அதன் பரம்பரைத் தொழில். (நம் பத்தனைப் புல்வெளிகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம், அது வளை தோண்டாது.) சினைப்பட்ட பெண் முயல் குட்டிக்கு இடம் தேடும்போது தோண்டலும் கடித்தலும் இன்னும் கூடும். இதில் எதையும் குறும்பு என்று எண்ணி அடிப்பது கொடுமை. அடி வாங்கிய முயல் கடிப்பதை விடாது, நம்மைக் கண்டு ஒளிவதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

லயன் காம்பராவில் முயலை உலவவிடுவது சிரமம்தான். இடம் சிறிது, சார்ஜர் வயர் தரையில் கிடக்கும், 230 வோல்ட் கரண்ட் ஒரு கடியில் உயிரைக் குடிக்கும். ஆகவே முதல் வேலை வயரை உயரத் தூக்குவது. முடியாத இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி வயரை அதற்குள் செருகிவிடலாம். பழைய வர்ணம் பூசிய கதவில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கதவின் அடிப்பாகத்தைத் தகரத்தால் மூடுவது நல்லது. உரச்சாக்கு நூலை விழுங்கினால் குடல் அடைபடும்; அதை முயலுக்குப் படுக்கையாக விரிக்காதீர்கள். தேயிலைக் கவ்வாத்து மிலாறு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும், மருந்தடித்த செடியின் பட்டையைக் கொடுக்க எனக்கு மனம் வராது. கொய்யாக் குச்சி இருக்கவே இருக்கிறது.

தடுப்பதைவிட வேலை கொடுப்பது பலன் தரும். முயல் அந்தியிலும் விடியலிலும்தான் துடிப்பாக இருக்கும். புதுப் புல்லை அந்த வேளைகளில் போட்டால் கடிக்கிற ஆசை புல்லில் தீரும். பெல்லட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் உலர்புல்லுக்குள் தூவினால் தேடித் தின்பதற்கே நேரம் போகும். மை அச்சடிக்காத அட்டைப் பெட்டிக்குள் புல்லைத் திணித்துக் கொடுத்தால் கிழிப்பதும் தின்பதும் ஒன்றாக நடக்கும். கூட்டுக் கம்பியை நாள்முழுக்கக் கடிக்கும் முயல், கூடு சிறிது என்று சொல்கிறது. தினமும் சில மணி நேரமாவது இஸ்தோப்பில் ஓடவிடுங்கள். நாய் வராமல் காவல் இருங்கள். நீண்ட பல்லை நகவெட்டியால் வெட்டுவது மட்டும் வேண்டாம். பல் வேர்வரை பிளந்துவிடும்.

ஓயாமல் கடிக்கும் முயலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், கடிப்பதை நிறுத்திவிட்ட முயலைக் கண்டால்தான் உண்மையில் பதற வேண்டும். மூலையில் குந்தி, பல்லை நறநறத்து, அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலின் குடல் நின்றுகொண்டிருக்கிறது. நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்ஸிசிலின் வில்லையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். நம் தொண்டை வலியைக் குணமாக்கும் அந்த மருந்து, வாய்வழி போனால் முயலின் குருட்டுக்குடலில் அதை வாழவைக்கும் பக்டீரியாக்களை அழித்து, நச்சுக் கிருமிக்கு இடம் விட்டுவிடும்.