இல்லத்தில் ஓர் இசைக்கூடம்

பாடல் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டுமாயின், நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்று மணிக்கணக்கில் வாடகை செலுத்த வேண்டிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ அப்பணியின் பெரும்பகுதியை வீட்டுக் கணினியில் உள்ள மென்பொருளே செய்து தருகின்றது. நம் இளைஞர் பலர் இதில் நாட்டம் கொள்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், தொடங்கிய சில வாரங்களிலேயே சோர்ந்துவிடுவோர் உளர். பிள்ளையின் ஆசைக்காகக் கடன்பட்டுக் கருவிகள் வாங்கும் பெற்றோரும் உளர். இவ்விரண்டையும் தவிர்த்துத் தொடங்குவது எங்ஙனம் எனச் சிந்திப்போம்.

மென்பொருள் இசையை இருவகையில் கையாளுகின்றது. ஒன்று, ஒலிவாங்கி வழியே வரும் குரலைப் பதிவது. குறுந்தகட்டின் தரத்தில், ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கின்றது. மற்றொன்று, ஒலியைப் பதியாமல், எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் வாசிப்பது என்னும் கட்டளைகளை மட்டும் எழுதிவைப்பது. இதற்கு 'மிடி' என்று பெயர். 1983ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடந்த கண்காட்சி ஒன்றில், ரோலண்ட், சீக்வென்ஷியல் என்னும் இரு போட்டி நிறுவனங்களின் கருவிகள் இம்முறையால் இணைக்கப்பட்டன. போட்டியாளர் ஒன்றுபட்டதன் பயனை இன்று உலகமே துய்க்கின்றது. மிடியில் பிழையான சுரத்தைப் பின்னர் திருத்தலாம். வயலினுக்கு எழுதியதைப் புல்லாங்குழலுக்கு மாற்றலாம். தொடக்க நிலையினர்க்கு இது பெரும் உதவியன்றோ!

பணம் செலவிடாமலே தொடங்கலாம் என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று. 2000ஆம் ஆண்டில் வெளியான 'ஆடாசிட்டி' குரலைப் பதியவும் திருத்தவும் ஏற்றது. தாளத்தையும் வாத்தியங்களையும் அமைக்க 'எல்.எம்.எம்.எஸ்.' உண்டு. இரண்டும் இலவசமானவை. ஆப்பிள் கணினி உடையோர்க்குக் 'கராஜ்பேண்ட்' விலையின்றிக் கிடைக்கின்றது. விலையுயர்ந்த மென்பொருள்களின் திருட்டுப் பிரதிகளை மட்டும் நாடற்க. அது பிறர் உழைப்பைக் களவாடுவது. அத்துடன் கணினிக்குக் கேடு செய்யும் நிரல்களும் அவ்வழியே நுழைந்துவிடக்கூடும்.

பதிவு செய்கையில் சிலவற்றைக் கருத்திற் கொள்வோம். வெற்றுச் சுவர்கள் எதிரொலிக்கும். திரைச்சீலையும் மெத்தையும் துணிகளும் நிறைந்த அறையே சிறந்தது. ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப' போன்ற எழுத்துகள் வெடித்து ஒலியா. ஒலியளவு காட்டும் கோடு உச்சியான சுழியம் டெசிபெல்லைத் தொடலாகாது. தொட்டால் ஒலி சிதையும். சிதைந்ததை முழுமையாக மீட்டல் அரிது. ஆகவே உச்சிக்கு ஆறு டெசிபெல் கீழேயே நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. ஏற்கெனவே பதிந்த இசையைக் கேட்டுக்கொண்டே பாடுவோர் கம்பியுள்ள செவிக்கருவியையே அணிக. கம்பியில்லாதவற்றில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் தாளம் பிறழும்.

இனி, முதற்பாடல். நூறு வாத்தியங்கள் திரையில் தோன்றும்போது அனைத்தையும் சேர்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் தாளம் ஒன்று, அடிநாதம் ஒன்று, சுருதிக்குத் துணை ஒன்று, குரல் ஒன்று என நான்கே தடங்கள் போதும். ஒரு பல்லவி, ஒரு சரணம், அவ்வளவே. குரல் தெளிவாகக் கேட்கவில்லையெனில் அதனை உயர்த்துமுன் மற்றவற்றைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். குறையிருப்பினும் அதனை முடித்து, வீட்டாருக்குப் போட்டுக் காட்டுக. பாதியில் நிற்கும் பத்துப் பாடல்களைவிட முடிவுற்ற ஒன்று மிகுதியாகக் கற்பிக்கும். அன்றாடம் செய்த வேலையை வேறோர் இடத்திலும் சேமித்து வைப்பது அறிவுடைமை.

மென்பொருள் தர இயலாதது ஒன்று உண்டு; அது பழகிய செவி. நன்கு அறிந்த பாடல் ஒன்றை நாள்தோறும் கேட்டு, இம்முறை தாளத்தை மட்டும், மறுமுறை அடிநாதத்தை மட்டும் பின்தொடரப் பயில்வோமாக. இப்பயிற்சிக்குச் செலவில்லை. பெற்றோரே, பிள்ளை புதிய கருவி கேட்கும்போது, "நீ முடித்த பாடலைக் கேட்கலாமா?" என அன்புடன் வினவுங்கள். பாடல் ஒலிக்குமாயின், பின்னர் கருவியைப் பற்றிப் பேசலாம்.