விளையாட்டுக்கு மதிப்பெண்: அது அளவீடா, அபிப்பிராயமா?



ஒரு நாள் மாலை, திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அல்வா வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பள்ளி மாணவர் இருவர் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தனர். வாதம் ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றியது.

“ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சு போகுது. அதுக்குப் போயி துட்ட குடுப்பாங்களாலே?”

“பாஃப்டா விருது வாங்கின கேம்லா! விருது குடுத்தவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?”

அவர்கள் பேசியது ‘வெண்பா’ என்ற விளையாட்டு. கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் அதை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்ட வரிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதுதான் ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வழங்கியது.

ஒருவன் மணிக்கணக்கைக் காட்டினான்; மற்றவன் விருதைக் காட்டினான். யார் சொல்வது சரி? இதற்கு விடை காணுமுன், இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற சில பாடங்களை நினைவுபடுத்திக்கொள்வோம்.

மீச்சிற்றளவு எங்கே?

வெர்னியர் அளவியால் ஒரு கோளத்தின் விட்டத்தை அளக்கிறீர்கள். 2.34 செ.மீ. என்று வருகிறது. அக்கருவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. ஆகவே 2.34க்கும் 2.345க்கும் உள்ள வேறுபாட்டை அக்கருவி அறியாது. இதை மறந்து, விடையை ஐந்து தசம இடங்களுக்கு எழுதினால் ஆசிரியர் அதை அடித்துவிடுவார் அல்லவா?

விளையாட்டு விமர்சகர் நூற்றுக்கு 84 என்று எழுதும்போது அவருடைய கருவி எது? அவருடைய மனம்தான். அதே விமர்சகர் அடுத்த வாரம் அதே விளையாட்டுக்கு 80 போடலாம், 88ம் போடலாம். அப்படியிருக்க, 84க்கும் 85க்கும் உள்ள வேறுபாட்டுக்கு என்ன பொருள்?

பொருள் இல்லாத அந்த ஒரு மதிப்பெண்ணால் ஒரு நிறுவனமே பணத்தை இழந்த கதை உண்டு. மெட்டாகிரிட்டிக் என்ற அமெரிக்க இணையதளம் பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காண்கிறது. 2010இல் ஆப்சிடியன் என்ற நிறுவனம் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ என்ற விளையாட்டை வேறொரு நிறுவனத்துக்காக உருவாக்கியது. மெட்டாகிரிட்டிக் சராசரி 85ஐத் தொட்டால் ஊக்கத்தொகை உண்டு என்பது ஏற்பாடு. வந்த சராசரி 84. ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. 2012இல் அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரே இதை வெளியே சொன்னார். கருவியின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும் ஓர் எண்ணை நம்பி, உழைத்தவர்களின் பணத்தைத் தீர்மானித்தார்கள்!

சராசரி மறைப்பது

இரண்டு விளையாட்டுகளுக்கு ஐந்து ஐந்து பேர் பத்துக்கு மதிப்பெண் இடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் விளையாட்டு: 7, 7, 7, 7, 7.
இரண்டாவது விளையாட்டு: 10, 10, 10, 3, 2.

கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் கூடுதல் 35, சராசரி 7. ஆனால் இரண்டும் ஒன்றா? முதலாவது எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது. இரண்டாவதைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் வெறுக்கிறார்கள். சராசரி மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

சிதறல் மிகுந்திருந்தால் அடுத்த கேள்வி: எண் இட்டவர் உண்மையில் விளையாடினாரா? 2020 ஜூன் 19 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2’ வெளியானது. விமர்சகர்களின் சராசரி 90க்கு மேல். ஆனால் முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பூஜ்யம் போட்டார்கள். அவர்களை எதிர்த்து வேறு பலர் பத்துக்குப் பத்து போட்டார்கள். அந்த விளையாட்டை முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! கடிகாரத்தைப் பார்த்தாலே போதும், அவற்றுள் பெரும்பாலானவை விளையாடி முடித்து இட்ட எண்கள் அல்ல என்று புரிந்துவிடும். அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், ஒரு விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ரசிகர்கள் மதிப்பெண் இடலாம் என்று விதி செய்தது.

எந்த மூட்டையில் குத்தினார்கள்?

நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசியைச் செருகி, கையளவு நெல்லை எடுத்துப் பார்த்து விலை சொல்கிறார். ஆனால் நல்ல மூட்டையை மட்டும் அவர் முன் வைத்து, மற்றவற்றை உள்ளே மறைத்துவிட்டால்? அவர் நேர்மையாகவே சொன்னாலும் முடிவு தவறாகிவிடும்.

‘சைபர்பங்க் 2077’ என்ற விளையாட்டில் ஏறத்தாழ இதுவே நடந்தது. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் அதை 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. பல ஆண்டுகளாக விளம்பர ஆரவாரம். வெளியாகுமுன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணிப்பொறிப் பதிப்பு மட்டுமே. அதை ஆற்றல் மிக்க கணிப்பொறிகளில் ஆடி, சராசரியாக 90ஐ ஒட்டி மதிப்பெண் தந்தார்கள். ஆனால் கோடிக்கணக்கானோர் வீட்டில் இருந்தவை ப்ளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கருவிகள். அவற்றில் விளையாட்டு திக்கித் திணறியது; அடிக்கடி நின்றும் போனது. திரையில் அசைவு சீராகத் தெரிய, வினாடிக்கு 30 படங்களாவது வர வேண்டும் என்பது பொது வழக்கு. இங்கே சில இடங்களில் 20க்கும் கீழே இறங்கியது. இது அபிப்பிராயம் அன்று. எண்ணிக் காட்டக்கூடிய அளவீடு. டிசம்பர் 17 அன்று சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அந்த விளையாட்டையே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் கடைக்கு வந்தது.

பெரிய எண்ணின் மயக்கம்

2016 ஆகஸ்டில் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில் 1,84,46,74,40,73,70,95,51,616 கோள்கள் உண்டு என்றார்கள். ரசிகர்கள் மலைத்துப் போனார்கள். நாம் மலைக்க வேண்டியதில்லை. இது 2இன் 64ஆம் அடுக்கு. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணி கேட்ட புலவன் கதையைக் கேட்டிருப்பீர்கள். அவன் கேட்ட மணிகளைவிட இது ஒன்றே ஒன்றுதான் அதிகம்! கோள்களை யாரும் வரைந்து அடுக்கவில்லை. 64 இருமஎண் இடங்கள் கொண்ட ஒரு விதை எண்ணைச் சூத்திரத்தில் இட்டால், அந்தக் கணமே ஒரு கோள் உருவாகும். ஒரு கோளுக்கு ஒரு வினாடி என்று பார்த்தாலும் எல்லாம் பார்த்து முடிக்க ஏறத்தாழ 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். எண் பொய்யன்று, ஆனால் ஆட்டம் சுவையாக இருக்குமா என்பதற்கு அது விடையும் அன்று. எதிர்பார்த்தவை பல இல்லையென்று ரசிகர்கள் கொதித்தார்கள். பின்னர் இலவசமாகவே பல திருத்தங்கள் வந்து விளையாட்டு வெகுவாக மேம்பட்டது. ஆகவே, 2016இல் இட்ட மதிப்பெண் இன்றுள்ள விளையாட்டை அளக்காது. அளவீட்டுடன் தேதியையும் குறிக்க வேண்டும்.

அல்வா வரிசையில் நின்ற அந்த இரு மாணவர்களிடம் இப்போது திரும்புவோம். ‘ஒன்றரை மணி நேரம்’ என்பது அளவீடு. அதை யாரும் சரிபார்க்கலாம். ‘அதற்குப் பணம் தகுமா’ என்பது அபிப்பிராயம். காரணம் சொல்லித்தான் வாதாட வேண்டும். விருதும் சில நடுவர்களின் அபிப்பிராயமே. அவர்கள் சொன்ன காரணம் நமக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ஆனால் விருதை எதிராளியின் வாயை அடைக்கும் பூட்டாக ஆக்கக் கூடாது. மணிக்கணக்கும் அப்படியே. ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவின் சமையலை நினைவூட்டும் ஆட்டம் ஒருவருக்குப் போதும். ஒரு விடுமுறை முழுவதும் ஆட விரும்புகிறவருக்குப் போதாது.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் யாரும் கேட்டிராத ஒரு பாடலைத் தேர்ந்தெடுங்கள். இருபது நண்பர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, இரு குழுக்களையும் தனித்தனி அறையில் அமர்த்துங்கள். முதல் குழுவிடம் எதுவும் சொல்லாமல் பாடலைப் போடுங்கள். இரண்டாவது குழுவிடம், “கேட்டவர்கள் எல்லோரும் பத்துக்கு ஒன்பது போட்டார்கள்” என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒவ்வொருவரும் பிறர் பாராமல் தாளில் மதிப்பெண் எழுதட்டும். இரு குழுக்களின் சராசரியையும், மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டையும் கணக்கிடுங்கள். விடை கிடைத்த பின், இரண்டாவது குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட மறவாதீர்கள். அடுத்த முறை ஒரு விளையாட்டுக்கு முன்பதிவுப் பணம் கட்டுமுன் அந்தத் தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.