பாவனையும் கலப்பும்
தாந்திரிக நெறி பற்றிய தமிழ் நூல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

‘பாவனை’ என்னுஞ் சொல் இன்று தமிழகத்துப் பேச்சுவழக்கில் பெரும்பாலும் நடிப்பு அல்லது போலச்செய்தல் என்னும் பொருளில் வழங்குகின்றது. ஈழத்தில் அச்சொல்லுக்குப் பயன்படுத்துதல் என்பது பொருள். சாத்திர நூல்களிலோ இவ்விரண்டின் வேறாய பொருளொன்று அதற்குண்டு. ‘ஆதல்’ என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்த இச்சொல், ‘ஆக்குதல்’, ‘உளதாகச் செய்தல்’ என்பவற்றைக் குறிக்கும். உள்ளத்தால் இடைவிடாது ஒன்றை நினைந்து அதன் தன்மையைத் தன்கண் நிலைபெறச் செய்தலே சாத்திரங் கூறும் பாவனையாகும். இப்பொருளை விடுத்து வழக்குப் பொருளையே கொண்டு தாந்திரிக நெறி பற்றிய தமிழ்ப் பாடல்களைப் பயில்வார், அவற்றை வெறும் உவமைகளாகவே காண்பர். அங்ஙனங் காண்டல் பொருந்தாது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இந்நெறிக்கு முதன்மையான நூல் திருமந்திரம். தன் பகுதிகளைத் ‘தந்திரம்’ என்றே பெயரிட்டு வழங்குவது அந்நூல். அதன் ஒன்பது தந்திரங்களுள் மூன்றாவது யோகத்தையும், நான்காவது மந்திர சக்கர வழிபாட்டையும் விரித்துரைக்கின்றன. நான்காம் தந்திரம் அசபையில் தொடங்கி நவாக்கரி சக்கரத்தில் முடியும் 13 பகுதிகளை உடையது. முதற் தந்திரத்து அறவுரைகளையும் அன்புடைமையையும் விரும்பிப் பயிலும் மாணாக்கர் பலர், சக்கரங்களைக் கூறும் இப்பகுதியைத் தொடாது கடந்து செல்கின்றனர். அதனைப் படிக்குங்கால் இன்றியமையாத பயிற்சி முறையை அறியாமையே இதற்குக் காரணம்.

அப்பயிற்சி முறையாவது யாது? 12ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த அகோர சிவாசாரியாரின் கிரியாக்கிரம த்யோதிகை முதலிய பத்ததி நூல்கள் அதனை ஒழுங்குபடக் கூறுகின்றன. வழிபடுவோன் முதற்கண் தன் உடம்பின் ஐம்பூதங்களையும் ஒன்றனுள் ஒன்றாக ஒடுக்குதலை உள்ளத்தால் காண்கின்றான், இது பூதசுத்தி. பின்னர் மந்திரங்களை உறுப்புக்களில் அமைத்துப் புதியதோர் உடம்பை ஆக்கிக்கொள்கின்றான், இது நியாசம். அதன்பின் நெஞ்சத் தாமரையில் இறைவனை எழுந்தருளச் செய்து அகத்தே வழிபாடாற்றுகின்றான். புறப்பூசை இதன் பின்னரே தொடங்கும். சிவமானவனே சிவனை வழிபடற்குரியன் என்பது இம்முறைக்கு அடிப்படையான விதி. ஆகலின், ஈண்டுப் பாவனை என்பது மனம் போனவாறு உருவங்களைக் கற்பித்தலன்று. முன்பின் மாறாத வரிசையும் வரையறையும் உடையதொரு செயல் என்பது போதரும்.

சத்தியை முதலாகக் கொண்ட சீவித்தை நெறியில் இச்செயல் சீசக்கரத்தின் வாயிலாக நிகழும். மேல்நோக்கிய நான்கு முக்கோணங்கள் சிவத்தையும், கீழ்நோக்கிய ஐந்து முக்கோணங்கள் சத்தியையும் குறிப்பன. அவை ஒன்றையொன்று ஊடறுத்தலால் 43 சிறு முக்கோணங்கள் தோன்றுகின்றன. இவற்றைச் சூழ எட்டிதழ்த் தாமரையும் பதினாறிதழ்த் தாமரையும், புறத்தே சதுரமும் அமைந்துள்ளன. நடுவிலுள்ள விந்து இருவரும் பிரிவற நிற்கும் இடம். சிவசத்தியரின் கலப்பு இங்கு உருவமாக வரையப்படாது கோடுகளின் ஊடறுப்பாகவே காட்டப்படுதல் கருதத்தக்கது. விந்துவினின்று சதுரம் வரை காண்பது படைப்பு முறை. சதுரத்தினின்று விந்துவரை செல்வது ஒடுக்க முறை. அவ்வழியே செல்வோன் சக்கரமும் தன் உடம்பும் அம்மையும் வேறல்ல என உணர்தல் வேண்டும். வடமொழிச் சௌந்தரிய லகரியை வீரை கவிராச பண்டிதர் தமிழ் செய்தமையானும், சைவ எல்லப்ப நாவலர் அதற்கு உரை வரைந்தமையானும் இந்நெறி தமிழ்க் கற்றார்க்கும் உரியதாயிற்று.

இனி, பாவனையால் விளையும் கலப்பு எத்தகையது என்பதில் நெறிகள் வேறுபடுகின்றன. சீவித்தை நெறியார் முடிவில் ஒருமையே எஞ்சும் என்பர். சைவ சித்தாந்தம் அதனை உடன்படாது. சிவஞான சித்தியார் ஒன்பதாம் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார் கருட தியானத்தை எடுத்துக்காட்டுகின்றார். நஞ்சு தீர்ப்பான் தன்னைக் கருடனாகப் பாவித்து நோக்க, தீண்டப்பட்டான்பால் நஞ்சு நீங்கும். அவன் பறவையாக மாறினான் அல்லன். எனினும் அவன் நோக்கில் கருடனது ஆற்றல் நின்று தொழிற்படுகின்றது. அவ்வாறே உயிர் சிவமாகப் பாவிக்குங்கால் உயிர் என்னும் பொருள் அழிவதில்லை, மலங்களே அகலுகின்றன. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்னும் சித்தாந்தக் கொள்கையே இதனை இயல்விக்கின்றது. ஆகவே, பயிற்சி ஒன்றாயினும் அதன் பயனைக் கூறும் சொற்கள் வேறு. ஒரு பாடலில் வரும் ‘கலத்தல்’, ‘ஒன்றாதல்’ என்னும் வினைகட்குப் பொருள் காண்பார், அப்பாடல் எந்நெறியைச் சார்ந்தது என்பதை முதற்கண் துணிதல் வேண்டும்.

திருமந்திரத்துப் பரியங்கயோகப் பகுதியே இவ்வகையில் மிகுதியும் இடர்ப்படுத்துவது. ஆண் பெண் கூட்டத்தை யோகமாகக் கூறும் அப்பகுதியைச் சொற்படியே கொள்வாரும் உளர். முழுதும் உருவகமெனத் தள்ளுவாரும் உளர். அந்நூலே கள்ளுண்ணாமை கூறுமிடத்து வாம நெறியாரைக் கடிகின்றது. சௌந்தரிய லகரியின் வடமொழி உரையாசிரியர் இலக்குமீதரரும் புறவழிபாட்டை மேற்கொள்ளும் கௌலரினின்று அகவழிபாடு ஒன்றையே கொள்ளும் சமயாசாரத்தைப் பிரித்துக் காட்டினார். புறத்தே நிகழும் செயலை மூச்சும் நினைவும் அடக்கி ஆளுகின்றன என்பதே பரியங்கயோகத்தின் கருத்து. ஆதலின், உடம்பை விலக்கியும் பாவனையை விலக்கியும் அதற்குப் பொருள் கூறல் இயலாது.

முதலாம் சரபோசி (1712–1728) காலத்துத் திருக்கடவூரில் வாழ்ந்த அபிராமி பட்டர் பற்றிய வரலாறும் இவ்வகையிற் காணத்தக்கது. அமாவாசை நாளைப் பௌர்ணமி என அவர் கூறியமையைத் தன்னை மறந்த நிலையில் நேர்ந்த பிறழ்ச்சி என்பர். சீவித்தை நெறியிலோ பதினைந்து திதிகளும் பதினைந்து நித்தியைகள். பதினாறாங் கலையோ தேய்தலும் வளர்தலும் இன்றி அம்மையேயாய் நிற்பது. அக்கலையைப் பாவனையிற் கண்டு நின்றார்க்கு அமாவாசையிலும் மதி நிறைவுடையதே. அவர் மறுமொழி பிறழ்ச்சியன்று, அந்நெறியின் கணக்குப்படி உண்மையே என்பது நம் கருத்து.

நூல்களில் மட்டுமன்றி ஊரார் வழங்கும் தலக்கதைகளிலும் இக்கருத்துக்கு ஒப்பானவை உள. கருநாடக எல்லையை அடுத்த ஓசூரில், குன்றின்மேல் மதிசூடிய பெருமான் சந்திரசூடேசுவரர் என்னும் பெயருடன் எழுந்தருளியுள்ளார், அம்மை மரகதாம்பாள். இறைவன் ஒளியுடைய உடும்பாகத் தோன்றி இக்குன்றுக்கு வந்தார் என்றும், பின்தொடர்ந்த அம்மை அதனைத் தொட்ட அளவில் பச்சை நிறம் எய்தினாள் என்றும் ஒரு கதை வழங்கும். சத்தி சிவத்தினின்று என்றும் பிரியாதவள் ஆதலின், உயிர்க்குரிய சார்ந்ததன் வண்ணமாதலை அவள்மேல் ஏற்றிக் கூறல் சாத்திரத்துக்கு இயையாது. எனினும், தொட்டதன் நிறத்தைத் தொட்டவர் எய்துதலும் தொட்டவர் அழியாது நிற்றலும் ஆகிய இரண்டையும் அக்கதை ஒருங்கே காட்டுகின்றது. கருட தியானம் உணர்த்துவதும் இதுவே.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் ஊர் ஓசூர். தொழிற்சாலைகள் பெருகியதனால் பிற இடங்களிலிருந்து வந்து குடியேறியோரும் அங்கு மிகுதி. தேர்விழாவில் இம்மக்கள் அனைவரும் கூடுகின்றனர். இக்கதை ஒவ்வொரு மொழியினரிடையும் எவ்வாறு வழங்குகின்றது, தொட்டது அம்மையா இறைவனா, நிறம் மாறியது எப்போது என்பன போன்ற வேறுபாடுகளைத் தொகுத்தல் முதுகலை மாணாக்கர்க்குத் தக்கதோர் ஆய்வுப் பணியாகும். கதையறிந்த முதியோர் உள்ளபோதே அது செய்யற்பாலது.

இதுகாறுங் கூறியவற்றால், பாவனை என்பது வரையறையுடைய பயிற்சி என்பதும், கலப்பு என்னுஞ் சொல் நெறிதோறும் பொருள் வேறுபடும் என்பதும், அவற்றை அறியாது இப்பாடல்கட்கு உரை காண்டல் குறையுடைத்து என்பதும் பெறப்படும். திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தைப் பாடமாகக் கொள்ளும் வகுப்புக்களில், பத்ததி நூல்களின் பூசை முறையை முன்னர்ப் பயிற்றிப் பின்னர்ப் பாடல்களுக்குச் செல்லுதலே முறையாம்.