ஆற்றுக்குள்ளேயே ஒரு நடை!

சென்ற வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அம்மா, உன்னை ஆத்துக்குள்ளேயே நடக்க வைக்கிறேன் பாரு" என்று யூட்டா மாநிலத்திலுள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பூங்கா பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றோரமாக ஒரு மைல் நடந்ததும் பாதை முடிந்துவிட்டது. அப்புறம் வர்ஜின் ஆறேதான் பாதை! 'நேரோஸ்' என்று பெயர். இரண்டு பக்கமும் ஆயிரம் அடி உயரத்துக்குச் செம்பாறைச் சுவர். சில இடங்களில் நடுவே 20, 30 அடிதான் இடைவெளி. வெளியே 100 டிகிரி வெயில், உள்ளே கால் மரத்துப்போகும் ஜில் தண்ணீர். அடியில் பூசணிக்காய் பருமனில் உருண்டைக் கற்கள், அத்தனையும் வழுக்கல். நல்லவேளை, புடவையை விட்டுச் சுடிதாரில் போனேன். வாடகைக்கு எடுத்த ஷூவும் கம்பும் இல்லாவிட்டால் பல் போயிருக்கும்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. சுள்ளியும் சருகுமாக மிதந்து வந்தது. நான் தென்காசிக்காரி. மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே குற்றாலத்தில் வெள்ளம் வருவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள். "திரும்பிடலாம்" என்றேன். "வானம் நீலமாத்தானே இருக்கு அத்தை, இன்னும் கொஞ்ச தூரம்" என்றார் மாப்பிள்ளை. எவ்வளவோ செலவு பண்ணி அழைத்து வந்திருக்கிறார், பாவம். அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமும் இல்லை எனக்கு. ஆனாலும் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நான் பாட்டுக்குத் திரும்பி நடந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

கரையேறி, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஒரு இரைச்சல். ஆறு செங்காவி நிறத்தில் மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு போனது. சற்றுமுன் நாங்கள் மிதித்து வந்த கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெள்ள வாய்ப்பைத் தினமும் அறிவிப்புப் பலகையில் போடுகிறார்களாம். போகும்போது நாங்கள்தான் கவனிக்கவில்லை. தண்ணீர் கலங்கினால் உடனே மேட்டில் ஏறிவிட வேண்டுமாம். நாங்கள் அதிக தூரம் போகாததால்தான் வெளியே வர முடிந்தது. 2015 செப்டம்பரில் இதே பூங்காவில் வேறொரு மலையிடுக்கில் வெள்ளம் புகுந்து 7 பேர் இறந்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி ஓட்டல் அறையில் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். "சர்க்கரை போதுமா, அத்தை?"

- ஒரு வாசகி, தென்காசி.