பாய் சொல்லிக் கொடுத்த கணக்கு

ஐந்தாவது படிக்கும் என் மகள் கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டினாள். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள தோட்டத்தைச் சுற்றி ஒரு வரிசைக் கம்பி கட்ட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும் என்று கேள்வி. பெருக்கி 300 என்று எழுதியிருந்தாள். சரியான விடை 70. "எனக்குக் கணக்கே வராதும்மா" என்று அவள் சொன்னதும் பகீர் என்றது. இப்படியே சொல்லிச் சொல்லித்தான் நான் பத்தாவதோடு நின்றேன்.

சூத்திரம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாள். எது சுற்றளவு, எது பரப்பளவு என்பதில்தான் குழப்பம். வீட்டில் ஓரம் பிரிந்த பத்தமடைப் பாய் ஒன்று கிடந்தது. (எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்டே நெய்து வாங்குவார்கள்.) "இதுக்கு ஓரத்துல துணி வச்சுத் தைக்கணும். எத்தனை அடி வேணும், சொல்லுட்டி" என்றேன். அளந்தாள். 6 அடிக்கு 3 அடி. பெருக்கினாள், 18. நான் நாலு பக்கத்தையும் கூட்டினேன். அதுவும் 18!

"பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பூரா அதே யோசனை.

மறுநாள் பூஜைக்குப் போடும் சின்னப் பாயை எடுத்தேன். 4 அடிக்கு 2 அடி. அவள் கணக்குப்படி 8 அடி ரிப்பன் வெட்டிக் கொடுத்து, "சுத்தி ஒட்டு" என்றேன். மூன்றாவது பக்கத்தில் பாதியிலேயே ரிப்பன் தீர்ந்தது. இன்னும் 4 அடி வேண்டும். முழித்தாள். பிறகு பெரிய பாயை அங்குலத்தில் கணக்குப் போடச் சொன்னேன். சுற்றளவு 216 அங்குலம், பரப்பளவு 2592 சதுர அங்குலம். நேற்று ஒன்றாக இருந்தது இன்று எங்கேயோ போய்விட்டது! "அப்போ 18 அடி வேற, 18 சதுர அடி வேறயாம்மா?" என்று அவளே கேட்டாள். ஒன்று ஓரத்துத் துணி, இன்னொன்று படுக்கிற இடம்.

அடுத்து ஒரு போஸ்ட் கார்டின் மூலையில் சின்னச் சதுரம் வெட்டி எடுத்தேன். "சுற்றளவு குறையுமா?" "குறையும்" என்றாள். நூல் வைத்து அளந்தால் அதே அளவுதான்! வெட்டிய இரண்டு பக்கத்துக்குப் பதில் உள்ளே புதிதாக இரண்டு பக்கம் வந்துவிடுகிறதே. பரப்பு மட்டும்தான் குறைகிறது. எங்க வீட்டுக்காரர்கூட நம்பாமல் தானே ஒரு கார்டை வெட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோவிலுக்குப் போனோம். 850 அடி நீளம், 756 அடி அகலம் என்பார்கள். வெளிமதிலை ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு என்றேன். கையில் பேனாவால் எழுதி 3212 அடி என்றாள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்! "அதான் ஆச்சிக்குக் கால் வலிக்கி" என்றாள்.

இனி வட்டம் வரப் போகிறது. தாம்பாளத்தைச் சுற்றி நூல் வைத்தால், குறுக்களவைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. அந்தக் கொஞ்சத்தைப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது? தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை